வாடகைக்கு விடுமுன் வீட்டைச் சோதிப்போம்



தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டிய ஒன்று. பெயர் செக்ரோலில் இருக்கும்வரை லயத்து வீடு நம்முடையது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். 1929ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் பாட்டன், தகப்பன் என்று மூன்று நான்கு தலைமுறைகள் கேமரன் மலையில் கழிந்துவிட்டன. ஆனாலும் 60 வயதில், "இனி எங்கே போவது?" என்று கேட்டு நிற்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டவர்கள் ஊழியர் சேம நிதியிலிருந்து பணம் எடுத்து, வங்கியில் கடன் வாங்கி, ரிங்லெட்டிலோ கம்போங் ராஜாவிலோ, மலைக்குக் கீழே தாப்பாவிலோ ஒரு சிறு வீட்டை வாங்கிப் போடுகிறார்கள். வேலை இருக்கும்வரை லயத்திலேயே இருந்துகொண்டு, வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைக் கொண்டே தவணை கட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாடகைக்கு வந்தவர் அந்த வீட்டில் நிலைத்திருக்க வேண்டுமே! அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் தோட்டத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தவன். என் தங்கையும் அவள் கணவரும் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள். அவர்கள் வாங்கிய வரிசை வீட்டிற்கு 2023ஆம் ஆண்டில் ஒரு காய்கறி லாரி ஓட்டுநர் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் குடிவந்தார். நாலே மாதத்தில் காலி செய்துவிட்டார். அடுத்து வந்தவர் மூன்று மாத மின்சாரக் கட்டணத்தைக் கட்டாமலேயே ஓர் இரவில் போய்விட்டார். கணக்கு என் மச்சான் பெயரில் இருந்தது. கட்டியதும் அவர்தான். "அண்ணே, இந்த வீட்டுக்கு ஏதோ தோஷம் இருக்கிறது, ஒரு பூசை போட்டுப் பார்க்கலாமா?" என்று தங்கை என்னிடம் கேட்டாள். "பூசையைப் பிறகு போடலாம், முதலில் கட்டணச் சீட்டுகளை எடுத்து வா, தங்கச்சி" என்றேன்.

லாரி ஓட்டுநர் இருந்தபோது வந்த சீட்டில் ஒரு மாதத்திற்கு 340 யூனிட் என்று இருந்தது. அந்தக் காலத்துக் கட்டணப்படி முதல் 200 யூனிட்டுக்கு, யூனிட்டுக்கு 21.8 காசு, அடுத்த 100க்கு 33.4 காசு, 300க்கு மேல் போனால் 51.6 காசு. கூட்டிப் பார்த்தால் 97 வெள்ளி 64 காசு. லாரி ஓட்டும் மனிதர் வாடகைக்கு மேல் மாதாமாதம் நூறு வெள்ளி கட்டுவாரா? வீட்டில் ஏர்கண்டிஷன் கிடையாது. பெரிய தொலைக்காட்சியும் கிடையாது. அப்படியானால் மின்சாரம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியை வீட்டுக்காரர் கேட்டே ஆக வேண்டும் என்று சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. பிரிட்டனில் 2007ஆம் ஆண்டு முதல் படிப்படியாக அந்த முறை வந்தது. வீட்டை விற்பதாக இருந்தாலும் வாடகைக்கு விடுவதாக இருந்தாலும், முதலில் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். சுவர் எப்படிப்பட்டது, கூரைக்குள் வெப்பத்தைத் தடுக்கும் விரிப்பு உண்டா, சன்னல் ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா, வெந்நீர் எப்படிக் காய்கிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டு, 'ஏ' முதல் 'ஜி' வரை ஒரு தரம் போட்டுச் சான்றிதழ் கொடுப்பார். எதைச் சரி செய்தால் எவ்வளவு மிச்சமாகும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 'ஈ' தரத்திற்கும் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது என்று விதி வந்தது. சில விலக்குகள் மட்டும் உண்டு. லண்டனில் நம் தமிழர்கள் வீடு தேடும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு அந்தத் தரம் என்ன என்றும் பார்க்க முடிகிறது.

நம் நாட்டில் வீடுகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் பெரிய நிறுவனங்களையும் பெரிய கட்டடங்களையும் பற்றியது. என் தங்கையின் வரிசை வீட்டை அது கேட்காது. கடையில் ஐஸ்பெட்டியிலும் மின்விசிறியிலும் ஒட்டியிருக்கிறதே, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் போட்ட சீட்டு, அதுதான் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டியிருக்கும் மதிப்பீடு. ஐஸ்பெட்டிக்கு நட்சத்திரம் உண்டு. அந்த ஐஸ்பெட்டி நிற்கும் வீட்டுக்கு இல்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருப்பானேன்? வீட்டை நாமே ஒரு மாலையும் ஓர் இரவும் செலவழித்துச் சோதிக்கலாம். நான் அதைத்தான் செய்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எரிசக்திச் சிக்கனம் என்றதும் கோலாலம்பூர்க்காரர்கள் ஏர்கண்டிஷனைப் பற்றிப் பேசுவார்கள். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இரவில் வெப்பநிலை 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. நம் வீட்டுக்குப் பகை வெயில் அல்ல, குளிரும் ஈரமும்தான். கம்பளி காயாது, சுவரில் கருப்புப் பூஞ்சணம் பூக்கும், பிள்ளைக்கு இருமல் விடாது. இந்த ஈரத்தைத் தேயிலைத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதே இல்லை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதும், நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும் என்பதும் நமக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை விரட்டத்தானே தொழிற்சாலையில் அத்தனை பெரிய விசிறியும் அடுப்பும்! வீட்டிலும் அதே கதைதான். நாம் மூச்சு விடுவதாலும், சோறு வடிப்பதாலும், குளிப்பதாலும், மழைக்காலத்தில் துணியை உள்ளே காயப்போடுவதாலும் நாள்தோறும் பல லிட்டர் தண்ணீர் ஆவியாகி வீட்டுக் காற்றில் கலக்கிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் அது குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஈரமான அறையைச் சூடாக்க, காய்ந்த அறையைவிட அதிகச் செலவாகும்.

நான் மாலை ஐந்து மணிக்குப் போனேன். முதலில் வெளியே சுற்றி வந்தேன். பின்பக்கத்துத் தாழ்வாரப் பீலியில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் நேராகச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தச் சுவரில்தான் பூஞ்சணம். அதற்கு மூன்று முறை சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், பாவம்! சுண்ணாம்பு அடித்த காசுக்குப் பத்துப் பீலி சுத்தம் செய்திருக்கலாம்.

இருட்டியதும் சன்னல்களை எல்லாம் மூடிவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். தங்கை பூசைதான் ஆரம்பித்துவிட்டேனோ என்று பார்த்தாள். ஊதுபத்தியைச் சன்னல் ஓரமாக, கதவு இடுக்காக, கூரைச் சந்தாக மெல்லக் கொண்டு போக வேண்டும். புகை நேராக மேலே போனால் காற்று நுழையவில்லை. சாய்ந்து ஓடினால் அந்த இடத்தில் குளிர்காற்று வருகிறது. நாக்கோ சன்னல் என்கிறோமே, அந்தக் கண்ணாடிப் பட்டைகளில் இரண்டு உடைந்து, அட்டையால் மறைக்கப்பட்டிருந்தது. படுக்கையறைச் சன்னலில் புகை படுத்தே போயிற்று. சமையலறைக்குக் கூரைத்தட்டி இல்லை. மேலே வெறும் தகரம். இரவில் தகரம் சில்லிட்டுப்போகும். சமையல் ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். மழையே இல்லாத இரவிலும் கூரை ஒழுகுகிறது என்று ஓட்டுநர் மனைவி சொன்னது பொய் இல்லை. ஒழுகியது மழை அல்ல, அவர்கள் வடித்த சோற்றின் ஆவி.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. காற்று நுழையும் சந்தெல்லாம் அடைக்க வேண்டியதுதான். ஆனால் சமையலறையில் காற்றோட்டத்துக்கென்று வைத்த துளைகளையும் குளியலறைச் சாளரத்தையும் அடைத்துவிடாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிருகிறதே என்று கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிரைக் குடிக்கும் வேலை. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

பிறகு மீட்டருக்கு வந்தோம். வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் பொருளையும் நிறுத்திவிட்டு, மெயின் சுவிட்சை மட்டும் விட்டுவைத்து மீட்டரைப் பார்த்தேன். பழைய மீட்டரானால் தட்டு சுற்றக்கூடாது. புதிய மீட்டரானால் சிமிட்டும் விளக்கு அடங்கிவிட வேண்டும். அடங்காமல் ஓடினால், நமக்குத் தெரியாமல் எங்கோ மின்சாரம் போகிறது என்று பொருள். அதை நாமே பிரித்துப் பார்க்கக்கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட வேண்டும். மீட்டரின் முத்திரையில் கை வைப்பது குற்றம். தங்கை வீட்டில் அது அடங்கிவிட்டது. சரி, கம்பியில் கோளாறு இல்லை.

அடுத்து ஐஸ்பெட்டியை மட்டும் ஓடவிட்டு, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு படுத்தோம். பத்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் 1.2 யூனிட் ஏறியிருந்தது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 2.9, மாதத்துக்கு 86 யூனிட்! வாடகைக்கு வருகிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மச்சான் அன்போடு வாங்கிப் போட்ட பழைய பெட்டி அது. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவு சரியாக மூடவில்லை, குளிர் ஓயாமல் வெளியே போகிறது. இப்போது கடையில் கிடைக்கும் நட்சத்திரம் கூடிய சிறு பெட்டி இதில் கால் பங்குதான் எடுக்கும்.

மற்றதை எல்லாம் தாளில் கணக்குப் போட்டோம். கணக்கு எளிது. பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் யூனிட். குளியலறைச் சுடுநீர் இயந்திரம் 3,500 வாட். ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளைக்கு 2.9 யூனிட், மாதத்துக்கு 87. பழைய 60 வாட் குண்டு பல்பு நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 36. அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு போட்டால் ஐந்தரை யூனிட் போதும். ஓட்டுநர் குடும்பம் குளிர் தாங்காமல் 2,000 வாட் அறைச் சூடேற்றி ஒன்று வாங்கியிருந்ததை அண்டை வீட்டு அம்மாள் சொன்னார். இரவில் ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தாலே மாதத்துக்கு 90. சோற்றுப் பானை, இஸ்திரிப் பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் சேர்த்து ஒரு 40. கூட்டிப் பாருங்கள்: சீட்டில் இருந்த 340 வந்துவிடுகிறது. தோஷம் பிடிபட்டுவிட்டது, நேயர்களே!

பாதிக் குற்றம் குடியிருந்தவர் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐஸ்பெட்டியும் பல்பும் நாங்கள் கொடுத்தவை. சூடேற்றியை வாங்க வைத்தது எங்கள் வீட்டு ஈரம். குளிப்பது ஒன்றுதான் அவர்கள் செலவு. கேமரன் மலையில் பிள்ளைகளைப் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட்டுநர் ஊதாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மச்சான், அன்று காலையில் பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு செய்த வேலைகள் பெரியவை அல்ல. பீலியைச் சுத்தம் செய்து ஓட்டையை அடைத்தோம். பின்சுவர் காய இரண்டு மாதம் விட்டோம். ஈரச் சுவரில் உடனே வண்ணம் பூசினால் மறுபடி உரிந்துவிடும். சமையலறைக்குத் தகரத்தின் கீழ் வெப்பத் தடுப்பு விரிப்பு போட்டுத் தட்டி அடித்தோம். காசு அதிகம் பிடித்தது இதற்குத்தான், மச்சான் தம் போனசை இதில் போட்டார். கண்ணாடிப் பட்டைகளை மாற்றினோம். கதவுக்கடியில் ரப்பர் பட்டை அடித்தோம். பழைய ஐஸ்பெட்டியை எடைக்குப் போட்டோம். வயர்மேனை அழைத்துச் சுடுநீர் இயந்திரத்தின் மின்கசிவுத் தடுப்புக் கருவியைச் சோதித்தோம். ஈரத் தரையுள்ள குளியலறைக்கு 10 மில்லி ஆம்பியரில் அறுத்துக்கொள்ளும் கருவி வேண்டும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று விழாவிட்டால் அன்று அந்த இயந்திரத்தில் குளிக்காதீர்கள். இது கட்டணக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு.

அடுத்த குடும்பம் வந்தபோது, மின்கணக்கை அவர்கள் பெயருக்கே மாற்றிக்கொள்ளச் சொன்னோம். சாவி கொடுத்த நாளன்று மீட்டர் எண்ணைப் படம் பிடித்து, தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எதை எதைச் சரி செய்தோம், பின்சுவரில் இன்னும் எந்த மூலையில் ஈரம் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்தோம். குறையை எழுதிக் கொடுத்தால் ஆள் ஓடிவிடுவார்களே என்று தங்கை பயந்தாள். வந்த அம்மாள் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். படித்துப் பார்த்துவிட்டு, "மற்ற வீட்டுக்காரர்கள் ஈரமே இல்லை என்றார்கள், நான்தான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்" என்று சிரித்தார். மூன்று பேர் உள்ள அந்தக் குடும்பத்துக்கு மாதம் 150 முதல் 180 யூனிட் வந்தது. பழைய கட்டணத்தில் அது 40 வெள்ளிக்குள் அடங்கிற்று.

2025 ஜூலையில் கட்டண முறை மாறிவிட்டது. படிப்படியான பழைய விலைக்குப் பதிலாக, உற்பத்திக்கு இவ்வளவு, கம்பி வழிக்கு இவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கனத் தள்ளுபடி உண்டு. பயன்பாடு குறையக் குறைய, யூனிட்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடி கூடுகிறது. ஆகவே சிறு குடும்பத்துக்கு இந்தச் சோதனை இன்றும் பலன் தரும்.

வீடு விற்கப் போகிறவர்கள் பன்னிரண்டு மாதக் கட்டணச் சீட்டுகளை ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாப்பா, பீடோர் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே பகை வெயில். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். கூரைத்தட்டிக்குக் கீழே நின்று தலையில் சூடு இறங்குகிறதா என்று பாருங்கள். காலையில் குளுகுளு என்று இருக்கும்போது வீட்டைக் காட்டுகிறவர் கெட்டிக்காரர்.

லயத்து வீட்டில் இருப்பவர்கள், "இது நமக்கு எதற்கு?" என்று நினைக்க வேண்டாம். தோட்ட வீடுகளின் தரத்தைப் பற்றி 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. "வீடு சரியில்லை, ஐயா" என்று பொதுவாகச் சொன்னால் கிராணி தலையாட்டிவிட்டுப் போவார். எந்தச் சுவர், எந்தப் பீலி, எந்த நாளிலிருந்து என்று எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் ஏறும். தொழிலாளர் இலாகாவுக்குப் போக நேர்ந்தாலும் கையில் தாள் இருக்கும்.

ரிங்லெட் ஏரியை நாம் தினமும் பார்க்கிறோம். 1963 முதல் நம் மலைத் தண்ணீர் அங்கே தேங்கி, மலையைக் குடைந்த வழியாகக் கீழே இறங்கி, ஜோர் மின்நிலையத்தில் மின்சாரமாகிறது. மேலே காடு வெட்டிய இடங்களிலிருந்து வரும் மண் அந்த ஏரியைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. நம் வாசலில் பிறக்கும் மின்சாரம் என்பதால் நமக்கு விலை குறைவதில்லை. அந்தப் பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

தங்கைக்கு இன்னும் மூன்று ஆண்டில் ஓய்வு. அப்போது அந்த வீட்டில் அவளும் மச்சானும்தான் குடியிருக்கப் போகிறார்கள். பின்சுவரின் ஒரு மூலை மட்டும் இன்னும் முழுதாகக் காயவில்லை. அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று நினைக்கிறேன். அடுத்த விடுமுறையில் போய்ச் சுவரோரத்து மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நீங்களும் இன்றிரவு படுக்கப் போகுமுன் மீட்டர் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் இன்னொரு முறை பாருங்கள்.